அறுபதாவது பிறந்தநாளுக்கு மூன்று பரிசுகள்: எதை வாங்கிக்கொள்வது?

கேள்வி: முப்பது வருடத்துக்கும் மேலாகப் பள்ளியில் இயற்பியல் கற்றுக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அடுத்த மாதம் 60 வயது நிறைகிறது. மகனும் மகளும் சேர்ந்து மூன்று பரிசுகளுக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒன்று, இதயத் துடிப்பு, தூக்கம் எல்லாவற்றையும் கணக்கெடுக்கும் ஸ்மார்ட்வாட்ச். இரண்டாவது, எச்சிலை அனுப்பினால் டிஎன்ஏவைப் படித்து, பூர்வீகம் முதல் நோய் வாய்ப்பு வரை சொல்லும் பரிசோதனைப் பெட்டி. மூன்றாவது, என் சின்ன வயதிலிருந்து இன்று வரையுள்ள படங்களைக் கோத்த வீடியோ. பிறந்தநாளன்று எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடப்போகிறார்களாம். எனக்கு மூன்றிலும் மனம் ஒப்பவில்லை. என் அம்மா கடைசிக் காலத்தில் மறதி நோயால் அவதிப்பட்டார். என்னையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. டிஎன்ஏ பெட்டி என்றதும் அதுதான் ஞாபகம் வருகிறது. தங்கையிடம் சொன்னேன், "நீ அதைச் செய்யாதே" என்று கோபப்பட்டாள். மகனோ, "மறைக்க என்னம்மா இருக்கு? சயின்ஸ் டீச்சரா இருந்துட்டு நீங்களே பயப்படலாமா?" என்கிறான். இது வயதாவதால் வரும் பயமா? நம் தகவல் அறிவியலுக்கு உதவும் என்றால் கொடுத்துவிடத்தானே வேண்டும்? தகவல் பாதுகாப்புத் துறையில் இருக்கும் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

முதலில் பிறந்தநாள் வாழ்த்துகள். பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாட்சை மகிழ்ச்சியாக வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். வீடியோவைக் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டிஎன்ஏ பெட்டியைத் திறக்காதீர்கள். தங்கையோடு உட்கார்ந்து முழுசாகப் பேசி முடிக்கும் வரைக்குமாவது. ஏன் இந்த வித்தியாசம் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதப்போகிறேன்.

வயது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1890இல் சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்ற இரண்டு அமெரிக்க வழக்கறிஞர்கள் ஹார்வர்டு சட்ட இதழில் தனியுரிமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்றைய தனியுரிமைச் சட்டங்களின் வேர் என்று அதைத்தான் சொல்வார்கள். அவர்களைக் கவலைப்பட வைத்தது அந்தக் காலத்துப் புதுத் தொழில்நுட்பம்: அசையாமல் நின்று போஸ் கொடுக்காமலேயே ஒருவரைச் சட்டென்று படமெடுத்துவிடும் கேமராவும், அந்தப் படங்களைப் போடத் துடித்த செய்தித்தாள்களும். அப்போது பிராண்டைஸுக்கு வயது 34. இந்தியாவில் தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகச் சொன்னார்களே, அந்த வழக்கை 2012இல் தொடுத்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி. அப்போது அவருக்கு 86 வயது. 34 வயதுக்காரருக்கும் 86 வயதுக்காரருக்கும் ஒரே கவலை வந்திருக்கிறது என்றால், 60 வயதில் உங்களுக்கு வந்ததை முதுமையின் கணக்கில் எழுதத் தேவையில்லை.

அப்புறம், "மறைக்க என்ன இருக்கிறது?" என்ற கேள்வி. இதை என் வேலையில் அடிக்கடி கேட்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். தப்பு செய்தவர்களுக்குத்தான் மறைக்க வேண்டியிருக்கும் என்று உண்மையிலேயே நம்புகிறவர்கள். ஆனால் ஒரு தகவலை யாரிடம் கொடுக்கலாம் என்று முடிவெடுக்க இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் உதவியதில்லை. நான் கேட்டுக்கொள்பவை வேறு இரண்டு. இது வெளியே போய்விட்டால் மாற்றிக்கொள்ள முடியுமா? இது என்னுடையது மட்டும்தானா?

பாஸ்வேர்ட் திருடுபோனால் அன்றைக்கே மாற்றிவிடலாம். வங்கி அட்டையை முடக்கிவிட்டு வேறு வாங்கலாம். ஃபோன் நம்பரைக்கூடச் சிரமப்பட்டு மாற்றிவிடலாம். பிறந்த தேதியை? கைரேகையை? அம்மாவின் பெயரை? டிஎன்ஏவை? ஒருமுறை போனால் போனதுதான். அதனால் கசிவது எவ்வளவு பெரிய ரகசியம் என்று நான் பார்ப்பதில்லை. அது எவ்வளவு காலத்துக்குச் செல்லுபடியாகும் என்று பார்க்கிறேன். இந்தக் கண்ணோட்டத்தோடு மூன்று பரிசுகளையும் எடுத்துக்கொள்வோம்.

உங்கள் கடிதத்தில் முழுப் பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் இருந்தன. இங்கே வெளியிடும் முன் அவற்றை நீக்கிவிட்டேன். பிறந்த தேதியில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். வகுப்பில் நீங்களே பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கக்கூடும்: ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே, அவர்களில் இரண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாள் அமைய பாதிக்கும் மேல் வாய்ப்பு இருக்கிறது. அதனால் பிறந்தநாள் எல்லோருக்கும் பொதுவான, சாதாரண விஷயம் போலத் தெரிகிறது. ஆனால் வருடமும் சேர்ந்துவிட்டால் கதை மாறிவிடும். 80 வருடம், வருடத்துக்கு 365 நாள், ஆண் பெண் என்று இரண்டு. பெருக்கினால் சுமார் 58 ஆயிரம் கட்டங்கள் வரும். ஒரு தபால் பகுதியில் 20 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் ஒரு கட்டத்தில் தனி ஆளாக நிற்பார்கள்.

இந்தக் கணக்கை நிஜ உலகில் செய்து காட்டியவர் லட்டன்யா ஸ்வீனி. 1990களில் எம்ஐடியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவர். மாசசூசெட்ஸ் மாநில அரசு தன் ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை, பெயர்களை நீக்கிவிட்டு, ஆராய்ச்சிக்காகக் கொடுத்தது. பெயர் இல்லாததால் பயமில்லை என்று மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதியளித்திருந்தார். ஸ்வீனி ஆளுநர் வசித்த நகரத்தின் வாக்காளர் பட்டியலை வாங்கி, இரண்டையும் ஒப்பிட்டார். ஆளுநர் பிறந்த அதே தேதியில் பிறந்தவர்கள் அந்த நகரத்தில் ஆறே பேர். அவர்களில் ஆண்கள் மூன்று பேர். அவருடைய தபால் பகுதியில் வசித்தது ஒரே ஒருவர். ஆளுநரின் மருத்துவப் பதிவு கையில் வந்துவிட்டது. பிறகு மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பார்த்தபோது, பிறந்த தேதி, பாலினம், தபால் குறியீட்டு எண் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று 2000இல் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதைக் குறைத்துக் கணக்கிட்டார்கள் என்றாலும், பாதிக்கு மேல் என்பதில் சந்தேகம் வரவில்லை.

இப்போது அந்த வீடியோவுக்கு வருகிறேன். அன்போடு செய்த வீடியோவில் என்னென்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 60 வயது நிறைந்தது என்றும் இன்றுதான் பிறந்தநாள் என்றும் போட்டால் முழுப் பிறந்த தேதியும் கிடைத்துவிட்டது. குழந்தைப் படத்துக்குக் கீழே பிறந்த ஊர் இருக்கும். "அம்மாவுடன்" என்ற படத்துக்குக் கீழே உங்கள் அம்மாவின் பெயர் இருக்கும். முதல் பள்ளிக்கூடம், சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட பெயர் எல்லாம் வரும். கணக்குகளின் பாஸ்வேர்ட் மறந்துபோனால் கேட்கப்படும் பாதுகாப்புக் கேள்விகளும் இவைதான். கடைசியில் நீங்கள் நன்றி சொல்லிப் பேசினால் உங்கள் குரலும் சேர்ந்துவிடும். மூன்று விநாடிக் குரல் பதிவைக் கேட்டு அதே குரலில் பேசக்கூடிய மென்பொருளை மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2023 தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்கள். "அம்மா பேசறேன், அவசரமாப் பணம் வேணும்" என்று உங்கள் மகளுக்கு ஓர் அழைப்பு வந்தால், அவளால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம்.

வீடியோவே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், டீச்சர். பிள்ளைகள் உங்கள் வாழ்க்கையை ஒன்றாகக் கோத்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அதைப்போல நல்ல பரிசு வேறு எது? அன்று வருகிறவர்களுக்குப் பெரிய திரையில் போட்டுக் காட்டட்டும். வர முடியாதவர்களுக்கு நேராக அனுப்பட்டும். பொதுவில் ஏதாவது போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், தேதி தாண்டிச் சில வாரம் கழித்து, ஊரும் பெயரும் இல்லாமல் இரண்டு படம் போதும். படம் எடுத்த இடம் படக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கலாம். அனுப்பும் முன் அதை நீக்கும் வசதி ஃபோனிலேயே இருக்கிறது. குரல் விஷயத்துக்கு வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். அவசரம், பணம் என்று யார் குரலில் அழைப்பு வந்தாலும் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும், சொல்லாவிட்டால் வைத்துவிட்டுத் தெரிந்த நம்பருக்குத் திருப்பி அழைக்க வேண்டும். இதை அன்றைக்கே எல்லோரும் கூடியிருக்கும்போது முடிவு செய்துவிடலாம்.

வாட்ச் விஷயம் எளிது. அதன் பின்பக்கம் மினுக்கும் பச்சை விளக்கின் இயற்பியலை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை: ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும், ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தத்தின் அளவு கூடிக் குறையும், திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தில் நாடி தெரிந்துவிடும். இதை வைத்து, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஆப்பிள் நிறுவனத்தின் நிதியில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். 2019இல் வெளியானது. பங்கேற்றவர்கள் 4,19,297 பேர். எச்சரிக்கை வந்தது அவர்களில் 0.52 சதவீதம் பேருக்கு மட்டும். எச்சரிக்கை வந்தபின், மார்பில் ஒட்டும் ஈசிஜி பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்கு அந்தப் பிரச்சினை பட்டையிலும் பதிவாகியிருந்தது. அது வந்து வந்து போகும் கோளாறு என்பதால், மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வயது ஏற ஏற இந்தக் கோளாறு அதிகமாக வரும். கவனிக்காமல் விட்டால் பக்கவாதத்துக்கு வழி வைக்கும். ஆகவே உங்களுக்கு வாட்சால் நிஜமான பலன் உண்டு. மாரடைப்பை அது கண்டுபிடிக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நெஞ்சு வலித்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது.

உங்கள் பிள்ளைகள் "60 ஆகிவிட்டது, உடம்பைக் கவனிக்க வேண்டும்" என்று நினைப்பதில் அறிவியலும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டிலிருந்து 2024இல் வந்த ஓர் ஆய்வில், 25 முதல் 75 வயது வரையிலான 108 பேரின் ரத்தத்தையும் உடலில் வாழும் நுண்ணுயிர்களையும் சில வருடங்கள் தொடர்ந்து அளந்தார்கள். மாற்றங்கள் சீராக நடக்கவில்லை. 44 வயதை ஒட்டியும் 60 வயதை ஒட்டியும் கூட்டமாக நடந்தன. 108 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் 60 என்பது வெறும் காலண்டர் எண் இல்லை என்று எண்ண இடமிருக்கிறது.

வாட்சில் தனியுரிமை ஆபத்து இல்லாமல் இல்லை. ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி, உலகம் முழுவதும் தன் பயனர்கள் ஓடிய, சைக்கிள் ஓட்டிய பாதைகளை ஒரே வரைபடமாக 2017இல் வெளியிட்டது. யார் பெயரும் அதில் இல்லை. 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் அதை உற்றுப் பார்த்து, ஆள் நடமாட்டமே இல்லாத இடங்களில் ஒளிரும் கோடுகள் ராணுவ முகாம்கள் என்று கண்டுபிடித்துவிட்டார். வீரர்கள் தினமும் முகாமைச் சுற்றி ஓடியது அப்படியே பதிவாகியிருந்தது. உங்கள் காலை நடைக்கும் இது பொருந்தும்: எந்த நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டீர்கள் என்பதை அது சொல்லிவிடும். ஆனால் இந்த ஆபத்தை நிறுத்தும் ஸ்விட்ச் உங்கள் கையில் இருக்கிறது. இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள், துடிப்பை அளக்க அது தேவையில்லை. நண்பர்களோடு பகிர்வது, பொதுப் பட்டியலில் சேர்வது எல்லாவற்றையும் மறுத்துவிடுங்கள். பிறந்த தேதி கேட்டால் வருடம் சரியாக இருந்தால் போதும். நாளையும் மாதத்தையும் மாற்றிக் கொடுத்தால் துடிப்புக் கணக்கு கெட்டுப்போகாது. என்ன கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கணக்கை மீட்கத் தேவைப்படலாம். வங்கி, அரசு, மருத்துவமனை போன்ற இடங்களில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. பிடிக்காவிட்டால் ஒருநாள் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு, கணக்கை அழித்துவிடலாம். போன மாதத் துடிப்பு யார் கையிலோ இருந்தாலும், அடுத்த மாதத் துடிப்பு உங்களிடம்தான் இருக்கும்.

டிஎன்ஏவில் அந்த அடுத்த மாதம் இல்லை. இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

உங்கள் தங்கை கோபப்பட்டார் என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான கோபம். உங்கள் டிஎன்ஏவில் சரிபாதி உங்கள் அம்மாவிடமிருந்து வந்தது. உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் சரிபாதி போயிருக்கிறது. தங்கைக்கும் உங்களுக்கும் சராசரியாகப் பாதி பொது. நீங்கள் ஒரு குழாயில் துப்பி அனுப்பும்போது, தங்கையின் பாதிப் பக்கங்களை அவரைக் கேட்காமல் அனுப்புகிறீர்கள். அமெரிக்காவில் 1970களிலும் 80களிலும் தொடர் கொலைகள் செய்த ஒருவரை 2018 ஏப்ரலில் கைது செய்தார்கள். அவர் எந்தப் பரிசோதனை நிறுவனத்துக்கும் எச்சில் அனுப்பவில்லை. வம்சாவளித் தளங்களில் தங்கள் டிஎன்ஏவைப் போட்டிருந்த தூரத்துச் சொந்தங்கள் வழியாகத்தான் காவல்துறை அவரை எட்டியது. அவர் பிடிபட்டதில் யாருக்கும் வருத்தம் இருக்க முடியாது. ஆனால் அந்த வழி கொலைகாரர்களுக்கு மட்டும் திறக்கும் வழி இல்லையே. அதே வருடம் யானிவ் எர்லிக் என்ற மரபணு ஆய்வாளரின் குழுவினர் சயன்ஸ் இதழில் எழுதியதைப் பாருங்கள்: ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு, தாத்தாவின் தாத்தா வழியில் வரும் தூரத்துச் சொந்தமோ அதைவிட நெருங்கிய சொந்தமோ ஒரே தரவுத்தளத்தில் கிடைத்துவிடுகிறது. பரிசோதனை செய்துகொள்ளாமலேயே அவர்களைத் தேடிப் பிடித்துவிடலாம்.

நிறுவனத்தின் உறுதிமொழியை நம்பலாமே என்று மகன் கேட்கக்கூடும். 23அண்ட்மீ இந்தத் துறையில் மிகப் பெரிய பெயர். சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் வாடிக்கையாளர்களாக இருந்தார்கள். 2023இல், வேறு தளங்களில் திருடுபோன பாஸ்வேர்டுகளை இங்கே போட்டுப் பார்த்து, சுமார் 14 ஆயிரம் கணக்குகளுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள். சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துத் தரும் வசதி அந்தத் தளத்தில் இருந்ததால், அந்தக் கணக்குகள் வழியாக 69 லட்சம் பேரின் விவரம் வெளியே போனது. அந்த 69 லட்சம் பேரில் பெரும்பாலானவர்களின் பாஸ்வேர்ட் திருடுபோகவே இல்லை. உறவினர் என்ற ஒரே காரணம். பிறகு 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் மனு போட்டது. தரவு யார் கைக்குப் போகும் என்று தெரியாத நிலையில், கணக்கை அழித்துவிடுங்கள் என்று கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் மக்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில் அதன் நிறுவனர் நடத்தும் லாப நோக்கற்ற அமைப்பு ஒன்று அதை வாங்கியது. ஒரு நிறுவனம் இன்று மனசாரக் கொடுக்கும் வாக்குறுதி, அந்த நிறுவனம் இன்றைய கையில் இருக்கும் வரைதான். டிஎன்ஏவோ உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் செல்லுபடியாகும்.

இதெல்லாம் மற்றவர்கள் தெரிந்துகொள்வது பற்றி. உங்கள் கடிதத்தில் அதைவிட ஆழமான பயம் ஒன்று இருக்கிறது, நீங்களே தெரிந்துகொள்வது பற்றி. அதற்கு வெட்கப்படவே வேண்டாம். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007இல் தன் முழு மரபணுத் தொகுதியையும் உலகத்துக்குத் திறந்து வைத்தார். அப்போது அவருக்கு 79 வயது. ஒரே ஒரு மரபணுவை மட்டும் மறைத்துவிடச் சொன்னார்: ஏபிஓஇ. அல்சைமர் நோய் வாய்ப்போடு தொடர்புள்ள மரபணு அது. அவருடைய பாட்டிக்கு அந்த நோய் இருந்தது. மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதைவிட, தனக்கே தெரிய வேண்டாம் என்றார். அதோடு முடியவில்லை. அந்த மரபணுவை மட்டும் நீக்கினால் போதாது, பக்கத்தில் இருக்கும் டிஎன்ஏ எழுத்துகளைப் பார்த்தே அங்கே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துவிடலாம் என வேறு ஆராய்ச்சியாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். பிறகு சுற்றியுள்ள பெரிய பகுதியையும் சேர்த்து நீக்க வேண்டியிருந்தது.

நான்சி வெக்ஸ்லரையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவருடைய அம்மாவுக்கு, மூளையைப் படிப்படியாகச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய். அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு உள்ள நோய் அது, குணமாக்கும் மருந்தும் கிடையாது. அந்த நோய்க்கான மரபணுவைத் தேடி வெனிசுவேலாவில் ஏரிக்கரைக் கிராமங்களில் வாழ்ந்த குடும்பங்களோடு வருடக்கணக்கில் வேலை செய்தார். 1993இல் மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கான பரிசோதனை வரத் தன் உழைப்பையே கொடுத்த அவர், அந்தப் பரிசோதனையைத் தான் செய்துகொள்ளவில்லை. நோய் தனக்கும் இருப்பதை 2020இல் வெளிப்படையாகச் சொன்னார். சயின்ஸ் டீச்சர் பயப்படலாமா என்று கேட்கும் உங்கள் மகனிடம் இந்த இரண்டு பேரையும் பற்றிப் பேசுங்கள். தெரிந்துகொள்ளாமல் இருப்பதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அறிவியல் தெரியாமல் இல்லை.

உங்கள் விஷயம் ஹண்டிங்டனைப் போல இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏபிஓஇயில் ஆபத்தான வகை இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்றில்லை. இல்லாவிட்டாலும் வராது என்றில்லை. உங்கள் அம்மாவுக்கு வந்தது அல்சைமர்தானா, மூளையின் ரத்தக் குழாய்ப் பிரச்சினையால் வந்த மறதியா என்பதே முதல் கேள்வி. வீட்டுக்கு வரும் பெட்டி இதையெல்லாம் கேட்காது. ஒரு வரி முடிவை ஃபோனுக்கு அனுப்பிவிட்டுப் போய்விடும், அதை ஏதோ ஒரு ராத்திரி நீங்கள் தனியாகப் படிப்பீர்கள். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை வந்தால், நரம்பியல் மருத்துவர் ஒருவரையும் மரபணு ஆலோசகர் ஒருவரையும் பாருங்கள். அம்மாவின் மருத்துவக் காகிதங்கள் இருந்தால் எடுத்துப் போங்கள். அங்கே முதலில் உங்களோடு பேசுவார்கள், பரிசோதனை தேவையா என்பதே அப்புறம்தான். முடிவு மருத்துவப் பதிவாக இருக்கும், விற்பனைச் சரக்காக இருக்காது. அந்த முடிவு தங்கைக்கும் ஒரு செய்தி சொல்லும் என்பதால், தனக்குத் தெரிய வேண்டுமா என்று அவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் அவர் இருக்கும் இடத்தில் அதைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். இதற்கிடையில் ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேட்கும் திறன், தினசரி நடை, நாலு பேரோடு பழகுவது என்று மறதி நோய் வாய்ப்பைக் குறைக்க மருத்துவர்கள் சொல்பவை எதற்கும் மரபணு முடிவு தேவையில்லை.

அறிவியலுக்கு உதவ வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. ரத்த அழுத்தமும் கொழுப்பும் இதய நோயோடு தொடர்புள்ளவை என்று இன்று நாம் சாதாரணமாகப் பேசுகிறோம். ஃப்ரேமிங்ஹாம் என்ற அமெரிக்க ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்வில் 5,209 பேர் தங்கள் உடம்பை வருடக்கணக்கில் அளக்க அனுமதித்ததால் கிடைத்த அறிவு அதில் பெரும் பங்கு. பிரிட்டனின் யுகே பயோபேங்க் திட்டத்தில் 40 முதல் 69 வயது வரையிலான 5 லட்சம் பேர் மனமுவந்து ரத்தமும் தகவலும் கொடுத்திருக்கிறார்கள். தனியுரிமை பேசுகிற நான் இவர்களை வணங்குகிறேன். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தார்கள். பயோபேங்க் போன்ற இன்றைய திட்டங்களில் நெறிமுறைக் குழுவின் கண்காணிப்பும் உண்டு, விலகும் உரிமையும் உண்டு.

அப்படிக் கேட்காமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் குடும்பம் சாட்சி. 1951இல் அவரைக் கேட்காமல் எடுத்த புற்றுநோய் செல்கள் உலகெங்கும் ஆய்வகங்களில் இன்னும் வளர்கின்றன. அவற்றால் வந்த மருத்துவ முன்னேற்றம் மிகப் பெரியது. 2013இல் அந்தச் செல்களின் மரபணுத் தொகுதியை ஆராய்ச்சியாளர்கள் பொதுவில் வெளியிட்டபோது, உயிரோடு இருக்கும் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அப்போதும் கேட்கவில்லை. குடும்பம் எதிர்த்த பிறகுதான், யார் அதைப் பயன்படுத்தலாம் என்று முடிவெடுக்கும் குழுவில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. ஆகவே உதவ ஆசை இருந்தால், பல்கலைக்கழகமோ மருத்துவமனையோ நடத்தும் ஆய்வு ஒன்றைத் தேடுங்கள். ஒப்புதல் படிவத்தை முழுசாகப் படியுங்கள். எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், யாருக்குக் கொடுப்பீர்கள், நான் விலகினால் என் மாதிரியை அழிப்பீர்களா என்று நேராகக் கேளுங்கள். நல்ல ஆய்வாளர்கள் இந்தக் கேள்விகளை விரும்புவார்கள். 60 வயதில், இயற்பியல் தெரிந்த, கேள்வி கேட்கத் தெரிந்த பங்கேற்பாளர் அவர்களுக்குக் கிடைப்பது பெரிய விஷயம்.

மகனிடம் எப்படிச் சொல்வது? பயமாக இருக்கிறது என்று தொடங்காதீர்கள், பேச்சு உங்கள் பயத்தைப் பற்றியே போய்விடும். "இந்தப் பெட்டியில் உன்னுடைய பாதியும் இருக்கிறது, உன் சித்தியுடைய பாதியும் இருக்கிறது. நான் மட்டும் முடிவெடுக்கிற விஷயம் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். இதுவரைக்கும் அம்மாவின் தகவல் என்று பார்த்த அவன், தன் தகவல் என்று முதல்முறையாகப் பார்ப்பான். பெட்டியைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுக்கட்டும்.

அதற்குப் பதிலாக என்ன கேட்கலாம் என்றும் யோசித்தேன். பிறந்தநாளை ஒட்டி ஒரு மாலை அவன் நேரத்தைக் கேளுங்கள். பக்கத்தில் உட்கார வைத்து, உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் மின்னஞ்சல், படங்கள் யாரிடம் போக வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்து பதிந்துவிடுங்கள். கூகுளில் செயலற்ற கணக்கு நிர்வாகி என்ற வசதி இருக்கிறது: 3, 6, 12, 18 மாதம் என்று ஒரு காலத்தை நீங்கள் குறித்து வைத்தால், அதுவரை கணக்கு தொடப்படாமல் இருந்தால் நீங்கள் சொன்னவருக்கு, நீங்கள் சொன்னதை மட்டும் கொடுக்கும். ஆப்பிள் ஃபோன் என்றால் வாரிசுத் தொடர்பு என்று ஒருவரை நியமிக்கலாம். எதையும் செய்யாமல் இரண்டு வருடம் தொடாமல் விட்டால் கூகுள் கணக்கையே அழித்துவிடலாம் என்பது இப்போதைய விதி, படங்களும் சேர்ந்து போய்விடும். எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்தால் அதே மாலையில் மாற்றுங்கள். நாலைந்து சொற்களைச் சேர்த்த நீளமான பாஸ்வேர்டும், ஃபோனுக்கு வரும் எண்ணையும் சேர்த்துக் கேட்பது போன்ற இரண்டாவது சரிபார்ப்பும் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் பழைய படங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தால், அவற்றில் எது தங்கைக்குப் போக வேண்டும் என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள்.